கட்டப்பட்ட நாக்கு

அந்தக் காலத்தில் குழந்தைகள் பிறந்த அன்றே திருத்தமாகப் பேசின. மிருகங்களும் செடிகொடிகளும் அதே மொழியைத்தான் பேசின.

ஒரு மலைச்சரிவில் வெள்ளச்சியும் அவள் புருஷன் சடையனும் இருந்தார்கள். ஒருநாள் கைக்குழந்தை தும்பியைக் குடிசைக்குள் விட்டு, வாசலை முள்படலால் மூடிவிட்டு, இருவரும் கிழங்கு தோண்டப் போனார்கள். சிறுத்தை வந்தது.

"உள்ளே யாரு?"

"நான்தான், தும்பி. அம்மா இல்லை. படலை இடப்பக்கமா இழுங்க, திறந்துக்கும்."

வெள்ளச்சி திரும்பியபோது குடிசையில் ரத்தம்தான் இருந்தது. "வழி சொன்னது உன் பிள்ளைதான்" என்றது பாறைமேல் படுத்திருந்த சிறுத்தை.

அடுத்து ஓர் ஆண்பிள்ளை பிறந்தான். பிறந்ததுமே, "குளிருதும்மா" என்றான். வெள்ளச்சிக்குத் தும்பியின் நினைவு வந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரையில் நின்ற வசம்புச் செடியிடம் ஓடினாள்.

"இவன் நாக்கைக் கட்டிவிடு."

"வேண்டாம்டி" என்று பின்னாலேயே வந்து கெஞ்சினான் சடையன்.

"உயிரோட இருந்தாப் போதும் எனக்கு."

வசம்பு தயங்கியது. "கட்ட ஒரு நொடி போதும். அவிழ வருஷக்கணக்காகும். இவனுக்குக் கட்டினால் இனிப் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டு விழும்."

வெள்ளச்சி யோசிக்கவில்லை. வேரைக் கிள்ளி அவன் நாக்கில் தேய்த்தாள்.

சிறுத்தை மறுபடியும் வந்து கேட்டது. உள்ளேயிருந்து "ம்மா, ப்பா" என்று மட்டுமே சத்தம் வந்தது. ஒன்றும் விளங்காமல் அது போய்விட்டது. திரும்பி வந்த வெள்ளச்சி பிள்ளையை அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

மழைக்காலத்தில், தவழ்ந்து திரிந்த பிள்ளை எதையோ தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினான். காட்டில் எல்லா விஷத்துக்கும் மாற்று மூலிகை உண்டு. ஆனால் எந்த விஷமென்று தெரிய வேண்டும்.

"எதைடா தின்னே? காயா, விதையா? சொல்லுடா!"

"மா... மா..."

சுற்றி நின்ற செடிகளைக் கேட்டான் சடையன்; எதுவும் பார்த்திருக்கவில்லை. கைக்கு வந்த இலையையெல்லாம் பிடுங்கிவந்து கசக்கிப் புகட்டினான். பொழுது சாய்வதற்குள் பிள்ளையின் சத்தம் நின்றுவிட்டது. வெள்ளச்சி அவன் வாயருகே காதை வைத்தபடியே கிடந்தாள். சடையன் எவ்வளவு கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

வசம்பு பட்டது நாக்கில்தான், உதட்டில் இல்லை. அதனால்தான் அன்றிலிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு உதடு சேர்ந்து பிறக்கும் 'ம'வும் 'ப'வும் முதலில் வருகின்றன. நாக்கின் கட்டு மெல்ல மெல்ல அவிழ்ந்து, 'ர'வும் 'ழ'வும் கடைசியில் வருகின்றன. அதுவரை, அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, எங்கே வலிக்கிறதென்று தெரியாமல் தாயும் சேர்ந்து அழுகிறாள்.