உப்பில்லாக் கஞ்சி

“மருந்து வேண்டாங்கா, ஆசான். நான் என்ன செய்ய?”

கேட்டவர் நயினார். போலீஸ் வேலையில் ஓய்வு பெற்று வைத்தியம் கற்க வந்தவர். சீடன்தான், ஆனால் வயதில் ஆசானுக்கு மூத்தவர். அதனால் ஆசான் இசக்கியம்மாள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஆசான் கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“யாரு?”

“சீனியம்மா.”

உப்பளத்தில் உழைத்தவளுக்குப் பேர் சீனியம்மாள். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன பிறகு, உப்பளத்தை ஒட்டி இருந்த இந்த வைத்தியசாலைக்கு வந்து படுத்தவள்.

“மருந்து குடிச்சா கட்டி போயிருமா, அண்ணாச்சி?”

“போகாது.”

“பின்னே?”

“கூடக் கொஞ்ச நாள் இருப்பா.”

“அந்த நாள்ல என்ன செய்வா?”

“படுத்திருப்பா. மருந்து மயக்கம் இருக்குமில்லா. பத்தியம் வேற. உப்பு, புளி ஆகாது.”

“இதெல்லாம் அவகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“புரிஞ்சுதா?”

“என்னைவிட நல்லாப் புரிஞ்சிருக்கு. அதான் எரிச்சலா வருது.”

ஆசான் சிரித்தார். நயினார் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கினார். அவருக்குக் கோபம் வந்தால் கஷ்டம் துண்டுக்குத்தான்.

“வலி வேகத்துல சொல்லியிருப்பா. வலி அடங்கின நேரமாப் பாத்து இன்னொருக்கக் கேளுங்க.”

மறுநாள் காலையில் போனார். சீனியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

“இன்னைக்கு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு, வைத்தியரே.”

“அப்ப மருந்து குடிப்போமா?”

“வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“குடிச்சா உறக்கமா வருது. செத்த பிறகு உறங்கத்தானே போறேன். இருக்கிற வரைக்கும் முழிச்சிருக்கேனே.”

“பத்தியமாவது இரு.”

“காலு ரெண்டும் உப்புத் தண்ணியில வெந்து வாழ்ந்தாச்சு. கடைசியில உப்பில்லாத கஞ்சியா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.”

நயினாருக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அவர் கோபம் கூடியது. அங்கிருந்து நேரே ஆசானிடம் வந்தார். உட்காராமல் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசினார்.

“கிணத்துல குதிச்ச எத்தனை பேரை நான் தூக்கியிருக்கேன் தெரியுமா? ஒருத்தன்கிட்டயும் சம்மதம் கேட்டதில்ல.”

“தூக்கி எங்க வச்சீங்க?”

“கரையிலதான். வேற எங்க?”

“இவளைத் தூக்கி எங்க வைப்பீங்க?”

நயினார் நின்றார். அந்தக் கேள்வி அவருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நயினார் அவர்களையும் தாண்டிப் போனார். சூரணத்தைக் கஞ்சியில் கரைத்தார். உப்புப் பட்டால் மருந்து வேலை செய்யாது. அதனால் உப்புப் போடவில்லை.

சீனியம்மாள் ஒரு வாய் குடித்தாள்.

“உப்பு இல்லையே.”

“உப்பு தீந்துபோச்சு,” என்றார் நயினார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்துகிடந்தது. இரண்டு பேர் லாரியில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்தாள்.

சாயங்காலக் கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் மோரும் திரும்பி வந்தது, இளநீரும் திரும்பி வந்தது. தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்றாள்.

நயினார் ஆசானிடம் ஓடினார்.

“தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பா.”

“கஞ்சியில என்ன போட்டீங்க?”

துண்டு மறுபடி முறுக்கப்பட்டது.

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்.”

“முந்தாநாள் வரைக்கும் அவளுக்குக் கட்டி ஒண்ணுதான் பகை. இன்னைக்குத் தண்ணியைப் பாத்தும் பயப்படுதா.”

நயினார் துண்டைத் தரையில் வீசினார்.

“பின்ன என்னதான் செய்யச் சொல்லுதீங்க? சாகுறவளைப் பாத்துக்கிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? என்னால முடியல, ஆசான். எனக்கு ஒரு இடத்துல இருப்புக்கொள்ளல.”

“அவ வேண்டாம்னது எதை?”

“மருந்தை.”

“உங்களையா?”

ஆசான் கல்வத்தைப் பக்கத்தில் இழுத்தார். குனிந்து அரைக்கத் தொடங்கிவிட்டார்.

நயினார் போனார். கையில் கும்பா இல்லை, மருந்து இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போனார்.

சீனியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார்.

“சீனியம்மா, உப்பு தீரல. கஞ்சியில மருந்து கலந்தேன்.”

“தெரியும்.”

“இனிமே கலக்க மாட்டேன்.”

அவள் சுவரை விட்டுத் திரும்பவில்லை. எழுந்து போய்விடலாமா என்று அவருக்குத் தோன்றியது. ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்கிச் சொல்லலாமா என்றும் தோன்றியது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அங்கேயே இருந்தார். அவரால் சும்மா இருக்க முடியவில்லைதான். ஆனாலும் இருந்தார்.

நெடுநேரம் கழித்து அவள் திரும்பிப் படுத்தாள்.

“வலிக்குதுன்னு சொன்னா உடனே மருந்தைத் தூக்கிட்டு வந்துருவீங்க.”

“வர மாட்டேன்.”

அவள் அவருடைய வெறும் கைகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

“வலிக்குது, வைத்தியரே. நேத்துலேருந்து வலிக்குது. இந்தா, இங்க.”

விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். நயினாரின் கை தானாக அங்கே போனது. பாதி வழியில் அதை இழுத்துக்கொண்டார்.

“ஒரு தைலம் இருக்கு. கட்டியை ஒண்ணும் செய்யாது. வலி கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். உறக்கம் வராது. தடவட்டுமா?”

கேட்டுவிட்டு, அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.