வாராசா மந்திரம்

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பக்கம், கரும்புக்காட்டு ஊர்களில், நம் ஆட்கள் கட்டிய கோயில்கள் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் பார்த்து வர நல்லூரணி மடத்துச் சாமி ஒருமுறை கிளம்பினார். கூடவே சீடர் திருவம்பலமும் போனார். சாமிக்கு ஆங்கிலம் தெரியாது. அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் மறந்துவிட்டது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்வது திருவம்பலத்தின் வேலை.

திருவம்பலம் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயாவாக இருந்து, ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்தவர். காவி கட்டினாரே தவிர, சிவப்பு மைப் பேனாவை மனசு இன்னும் கீழே வைக்கவில்லை. போகிற கோயிலில் எல்லாம் பஜனை முடிந்ததும் எழுந்து நின்று, "ழ வரலை. நாக்கை மடக்குங்க" என்பார். தலைமுறை தலைமுறையாக நாக்கை மடக்காத ஜனங்கள், பாவம், மடக்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

"ஏம்ப்பா, இவங்க சாமி கும்பிட வந்தாங்களா, பரீட்சை எழுத வந்தாங்களா?" என்று சாமி கேட்பார்.

"தப்பாச் சொன்னா பலிக்காது சாமி."

அதை அவர் உண்மையாகவே நம்பினார். அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியாது.

கடைசியாகப் போனது ஒரு சின்ன முருகன் கோயில். தகரக் கூரை. உள்ளே சிலை கிடையாது. மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றிய ஒரு கல்தான் முருகன். பூசை செய்பவர் நீலாவதி என்ற அம்மாள். சர்க்கரை ஆலை ஆபீசில் டெலிபோன் பார்த்தவர். அவருடைய அம்மா செய்துவந்த பூசை, அம்மாவுக்குப் பிறகு அவர் கைக்கு வந்தது.

கோயில் தலைவர் பூபாலன் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். பேசியது ஆங்கிலம், நான் தமிழில் சொல்கிறேன்.

"இங்கே கோபுரத்தோடு புதுக் கோயில் கட்டப்போகிறோம். இந்தியாவிலிருந்து குருக்கள் வருகிறார். படையல் வைக்கும்போது நாங்கள் ஒரு மந்திரம் சொல்வது வழக்கம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. சாமி கேட்டுச் சொல்லட்டும். சரியான மந்திரம் என்றால் வைத்துக்கொள்கிறோம். இல்லை என்றால் விட்டுவிடுகிறோம். வருகிறவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது."

நீலாவதி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். அந்த மந்திரம் போனால் கூடவே தானும் இங்கிருந்து போகவேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலப் பூசை ஆரம்பித்தது. மக்காச்சோள மாவில் காய்ச்சிய, அங்கே பாரிட்ஜ் என்று சொல்லும் கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஆவி பறக்கப் பறக்கக் கல்லுக்கு முன்னால் வைத்தார் நீலாவதி. கண்ணை மூடிக்கொண்டு, இழுத்து இழுத்துச் சொன்னார்.

"கூலாருதே வாராசா... ஓத்யாராசா வாராசா..."

கூட்டமும் திருப்பிச் சொன்னது.

சாமி திருவம்பலத்தைப் பார்த்தார். "என்னப்பா மந்திரம் இது?"

திருவம்பலம் நெற்றியைச் சுருக்கினார். "சமஸ்கிருதம் சிதைஞ்சு போயிருக்கு சாமி. குல ஆரூட... குலத்தின்மேல் வீற்றிருப்பவனேன்னு ஆரம்பிக்குது. வாராசாதான் பிடிபடலை. வரதராஜாவா இருக்கலாம்."

"அடேயப்பா! ஊரெல்லாம் ஒரு எழுத்தைக் கூவிக் கூவி வித்தியே, அதைப் போட்டுச் சொல்லிப் பாரேன்."

திருவம்பலம் நாக்கை மடக்கினார். "கூழாறுதே..."

அப்படியே நின்றுவிட்டார். மிச்சத்தை உதடு மட்டும் முணுமுணுத்தது. கூழ் ஆறுதே, வா ராசா. ஓடியா ராசா, வா ராசா.

"சாமி, இது மந்திரமே இல்லை. யாரோ பெத்த பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க."

"யாருன்னு கேளு. இது யார் வாயிலேர்ந்து வந்துச்சாம்?"

திருவம்பலம் கேட்டார். நீலாவதி சொன்னார்: "இந்தக் கல்லை நட்டது அங்கம்மா என்று ஒருத்தி. கரும்பு வெட்டக் கூலியாட்களை ஏற்றிவந்த முதல் கப்பல்களில் வந்தவள். கரும்பு வெட்டிவிட்டு வந்ததும் தினமும் இந்த இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு இதைச் சொல்வாளாம். பக்கத்துக் குடிசைப் பெண்களும் கூட நின்று சொன்னார்கள். அப்படியே எங்கள் வரைக்கும் வந்தது."

"அந்த அம்மாவுக்குப் பிள்ளை இருந்துதா?" என்றார் சாமி.

"ஒரு மகன். வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். இங்கேதான் எங்கேயோ அவனைப் புதைத்தார்கள் என்று என் அம்மா சொல்வாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கல் வந்தது."

அதைத் திருவம்பலம் தமிழில் சாமிக்குச் சொன்னார்.

"ஐயா, உங்களுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்லுங்கள்" என்றார் நீலாவதி.

திருவம்பலம் சாமியின் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "என்ன சாமி பண்றது? உள்ளதைச் சொன்னா கோயில் இந்த அம்மா கையை விட்டுப் போயிடும். குலத்தின்மேல் வீற்றிருப்பவனேன்னே சொல்லிடட்டுமா?"

ஊர் ஊராகத் தப்புத் திருத்திய மனுஷன் கேட்ட கேள்வி அது. சாமிக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. தோளில் கை வைத்தார்.

"பொய் எதுக்குப்பா? இருக்கறதைச் சொல்லு. ஒரு எழுத்து விடாம சொல்லு."

திருவம்பலம் சொன்னார். கூழ் என்றால் என்ன, ஆறுது என்றால் என்ன, ராசா என்று யார் யாரைக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். கூடச் சிரிக்க ஆள் இல்லாமல் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

நீலாவதி கல்லையே பார்த்தபடி கீழே உட்கார்ந்தார். "இவ்வளவு காலமும் அவள் மகனையா கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்?" என்றார். பிறகு அடக்க முடியாமல் அழுதார். "சாமி, நாங்கள் செய்தது தப்பா?"

பூபாலன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "அப்படியானால் சரியான மந்திரம் ஒன்றைச் சாமி சொல்லிக்கொடுத்தால்..."

சாமி எழுந்தார். படையலுக்கு முன்னால் போய்க் குனிந்து, கிண்ணத்துக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்.

"ஆறிட்டிருக்கு. பேச்சு அப்புறம் ஆகட்டும். இந்த அம்மாவை முதல்ல கூப்பிடச் சொல்லு" என்றார்.

நீலாவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கூலாருதே..." என்று ஆரம்பித்தார். அர்த்தம் தெரிந்த பிறகு அந்தச் சொல்லைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. "வாராசா" என்று எடுத்துக்கொடுத்தது பூபாலன்தான். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வெறும் பழக்கத்தில் சொல்லிவந்ததை அன்றைக்குத்தான் நிஜமாகவே சொன்னார்கள். திருவம்பலமும் சொன்னார். கூட்டத்தின் வாயில் வந்தது ழவா லவா என்று அவர் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது பூபாலன் கேட்டார், "புதுக் கோயிலில் நாங்கள் என்ன செய்வது சாமி?"

"குருக்கள் வரட்டும். எல்லாத்தையும் நல்லா முறையாப் பண்ணட்டும். படையலுக்கு மட்டும் இந்த அம்மா வந்து கூப்பிடட்டும்."

திருவம்பலம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பூபாலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். நீலாவதி, படையல் கூழைச் சாமிக்கு ஒரு டம்ளரும் திருவம்பலத்துக்கு ஒரு டம்ளருமாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

கார் கரும்புக்காட்டைத் தாண்டியதும் திருவம்பலம் சாமியின் பக்கம் திரும்பினார். "எனக்கும் அழுகை வந்துச்சு சாமி, இல்லேன்னு சொல்லலை" என்றார். "ஆனா மனசுல ஒண்ணு கிடந்து உறுத்துது."

"சொல்லு."

"அது வெறும் கூப்பாடுதானே? அதை எப்படிப் படையல் மந்திரமா ஒத்துக்கிட்டீங்க? நம்ம மடத்துல தினமும் நைவேத்தியத்துக்கு முறைப்படிதானே சொல்றோம்?"

"முறைப்படிதான் சொல்றோம்."

"ஒரு எழுத்து பிசகுமா?"

"நீ பக்கத்துல நிக்கறப்போ எப்படிப்பா பிசகும்?" என்று சாமி சிரித்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. பிறகு சொன்னார்:

"ஆனா திருவம்பலம், ஐயோ ஆறிப்போகுதே, இன்னும் வரலையேன்னு நாம என்னைக்காவது பதறியிருக்கோமா?"