பவுடர் கோடு

டக். டக். டக்.

கதவுக்கு அப்பால் யாரோ தகர டப்பாவை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். மெல்வின் நின்று கேட்டான். தாளம் பிசகவே இல்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

கதவைத் தள்ளினான்.

"டீச்சர், எங்க பேண்டு ராக்கா, கண்ட்ரியா?"

டீச்சர் நிமிரவில்லை.

போத்தனூர் ரயில்வே காலனியின் நடனக்கூடம் அது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் மரத்தரையில் பவுடர் தூவவேண்டும். கேரம் போர்டில் போடுவோமே, அதே பவுடர். தூவாவிட்டால் ஷூ தரையைக் கவ்விக்கொள்ளும். ஆடுகிறவர் முழங்கால் போகும்.

தூவுவதும் பெருக்குவதும் ஃபிலோமினாவின் வேலை. எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவரில்லை. மெல்வினைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனால் மறுநாள் காலை தரையில் கிடக்கும் கால்தடங்களைப் பார்த்தே, எந்தக் குழு எந்தப் பாட்டில் தாளம் தப்பியது என்று சொல்லிவிடுவார். அதனால் அங்கே வாசிக்க வரும் இசைக்குழுக்களுக்கு அவர் டீச்சர்.

"உக்காருங்ண்ணா."

"உக்கார நேரமில்ல டீச்சர்."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"கோயம்புத்தூர்ல இசை விழா. அதுக்கு விண்ணப்பம். இதுல ரெண்டு கட்டம் இருக்கு. ராக், கண்ட்ரி. ஒண்ணுலதான் டிக் போடணும். ராக்னு போட்டா ஃபிடில் வாசிக்கிற கிளாரன்ஸ் போயிடுவான். கண்ட்ரின்னு போட்டா டிரம்ஸ் அடிக்கிற என் மச்சான் டெரிக் போயிடுவான். இன்னைக்கு இடைவேளைக்குள்ள முடிவு சொல்லணுமாம். இல்லேன்னா ரெண்டு பேருமே மேடை ஏறமாட்டாங்களாம். பத்தொன்பது வருஷமா ஒண்ணா வாசிக்கிறோம் டீச்சர்."

"என்ன சொல்றாங்க ரெண்டு பேரும்?"

"என் அடிய எடுத்துட்டா மிச்சம் பஜனைதான் மேன்னு சொல்றான் டெரிக். என் வில்ல எடுத்துட்டா மிச்சம் தகரக் கடைதான் மேன்னு சொல்றான் கிளாரன்ஸ்."

"நீங்க?"

"பாட்டு கண்ட்ரியாத்தான் கிளம்புது. ரயிலு, மழை, விட்டுட்டுப் போனவ. நடுவுல ராக் ஆயிடுது. எந்த இடத்துல ஆகுதுன்னு கிட்டார் புடிச்சுட்டு நிக்கிற எனக்கே தெரியல."

டீச்சர் டப்பாவை அவனிடம் கொடுத்தார்.

"நடுவுல ஒரு கோடு போடுங்ண்ணா."

"எதுக்கு?"

"ராக்குக்கு ஆடறவங்க இந்தப் பக்கம். கண்ட்ரிக்கு ஆடறவங்க அந்தப் பக்கம். ஜனங்க பிரிச்சுக் காட்டட்டும்."

மெல்வின் மேடையிலிருந்து வாசல்வரை குனிந்தபடியே கோடு போட்டான். மனம் கனத்துக் கிடந்ததால் கையும் தாராளமாக விழுந்தது. சாண் அகலம். விரல் கனம். டப்பா காலி. மீதித் தரையில் பவுடரே விழவில்லை.

டீச்சர் கோட்டைப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு ஆட்டம் ஆரம்பமாயிற்று. மெல்வின் மைக்கில் அறிவித்தான். ராக்குக்குத் துள்ளி ஆடும் ஜைவ், இடப்பக்கம். கண்ட்ரிக்குச் சுழன்று ஆடும் வால்ட்ஸ், வலப்பக்கம். கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே பிரிந்தும் நின்றது.

கிளாரன்ஸ் ஃபிடிலில் வில்லை வைத்தான். வலப்பக்கம் அசைந்தது. டெரிக்கின் டிரம்ஸ் உள்ளே புகுந்தது. இடப்பக்கம் துள்ளியது. மெல்வினுக்கு மனம் லேசாயிற்று. பரவாயில்லை, பிரிகிறது.

இரண்டாம் பாட்டில் டோரீன் ஆன்ட்டி கோட்டில் கால் வைத்துவிட்டார். ரிட்டயர்ட் ரயில்வே கார்டு ஸ்டான்லியின் மனைவி. நல்ல பாரமான உடம்பு. அந்த உடம்பு ஒரு சுற்றுச் சுற்றி, புருஷனையும் இழுத்துக்கொண்டு, நாலடி தானாக வழுக்கிப் போய் நின்றது.

"யம்மா! ஸ்டான்லி, இங்க வா மேன், இங்கதான் நல்லா போகுது!"

பக்கத்து ஜோடி எட்டிப் பார்த்தது. பிறகு வந்தது. பிறகு இன்னொன்று.

மூன்றாம் பாட்டு முடியும்போது இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தன. அத்தனை பேரும் கோட்டின்மேல் இருந்தார்கள்.

இடைவேளை விட்டார்கள். மெல்வின் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தான். கோடு இல்லை.

"டீச்சர், கோட்ட அழிச்சுட்டாங்க!"

"அழிக்கலீங்ண்ணா. எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"எங்க?"

டீச்சர் மோவாயால் காட்டினார். டீ மேஜைவரை வெள்ளைத் தடங்கள். வாசல்வரை. இடது மூலை, வலது மூலை, மேடைப் படிக்கட்டு. மெல்வின் தன் ஷூவைப் பார்த்தான். அதுவும் வெள்ளை.

டெரிக்கும் கிளாரன்ஸும் டீ டம்ளரோடு வந்தார்கள்.

"முடிவு பண்ணியா மேன்?" என்றான் டெரிக்.

"அவன எதுக்குக் கேக்கற? ஆடினவங்களக் கேளு," என்றான் கிளாரன்ஸ். "ஆன்ட்டி! நீங்க ஆடினது வால்ட்ஸ்தானே?"

"போ மேன். அது ஜைவ்தான். சொல்லுங்க ஆன்ட்டி இவன்ட்ட," என்றான் டெரிக்.

டோரீன் ஆன்ட்டி நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"யாருக்குத் தெரியும் மேன்? விழாம பாத்துக்கிட்டேன், அவ்ளோதான்."

டெரிக் குனிந்து தரையைப் பார்த்தான். கிளாரன்ஸும் பார்த்தான்.

மணி அடித்தார்கள். ஜனம் எழுந்து நின்றது. அடுத்த ஆட்டத்துக்குத் தரையில் பவுடர் போதாது.

டீச்சர் அலமாரியிலிருந்து புதுப் பொட்டலத்தை எடுத்து வந்தார். டப்பாவின் வாய் சின்னது. ஊற்றினால் பாதி வெளியே கொட்டும்.

மெல்வின் சட்டைப்பையில் கைவிட்டான். டிக் போடாத அந்த விண்ணப்பத்தை எடுத்தான். கூம்பாகச் சுருட்டி டப்பாவின் வாயில் செருகினான்.

"புடி மேன்," என்றான்.

டெரிக் டப்பாவைப் பிடித்தான். கிளாரன்ஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துச் சரித்தான்.

நிரம்பியதும் டீச்சர் வாங்கிக்கொண்டார்.

டக். டக். டக்.