கூடுதலாக ஒரு சுற்று

இருவாட்சிப் பறவைக்கு இரண்டு வாய் உண்டு என்று பெரியவர்கள்கூட நம்புகிறார்கள். குழந்தைகளே, இது மிகக் கடுமையான பிழை. இதைத் திருத்தாமல் கதைக்குள் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. அதற்கு இருப்பது ஒரே வாய். அலகின் மேலே தெரிவது வெறும் புடைப்பு. உள்ளே பெரும்பாலும் காற்றுதான். இந்தக் கதையில் வரும் துன்பத்துக்கு அந்த ஒரு வாய்கூடக் காரணமில்லை.

வெயில் தரையைத் தொடாத ஒரு சோலைக் காட்டில், நண்பகலிலும் மூடுபனி விலகாத ஒரு சரிவில், ஆண் இருவாட்சி ஒன்று வாழ்ந்தது. அதன் மனைவி உயர்ந்த மரம் ஒன்றின் பொந்துக்குள் இருந்தது. இருவாட்சிகளின் வழக்கப்படி உள்ளே போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டு, சிறகுகளை உதிர்த்துவிட்டுக் குஞ்சோடு உட்கார்ந்திருந்தது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் சுவரில் இருந்தது. ஆண் பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டும். ஊட்டாவிட்டால் உள்ளே இருவரும் பட்டினி.

ஆகவே அந்தக் காட்டில் ஒரு முறை இருந்தது. மண் பூசிய வாசலை யாரும் தொடுவதில்லை. உள்ளே இருப்பவர்கள் எந்தச் சண்டையிலும் இல்லை. வெளியே இரை தேடுகிற ஆணும் சண்டையில் சேராதவரை, அதன் வழியை யாரும் மறிப்பதில்லை.

அந்த ஆண்டு கிழக்குச் சரிவு யாருடையது என்று மலையணில்களுக்கும் மரநாய்களுக்கும் சண்டை மூண்டது. இருவாட்சிக்கு அணில்கள் மீது பரிவு. ஒரே மரத்தில் பழம் தின்கிற உறவல்லவா? பசித்த அணில்களுக்கு அது பழம் உதிர்த்துப் போட்டது. குட்டிகளை ஒளித்துவைக்கத் தன் பழைய பொந்தைக் கொடுத்தது.

ஆனாலும் மனதில் ஓர் உறுத்தல். ஓடையோரம் இருந்த ஆமையிடம் போய்க் கேட்டது. காட்டின் முறைகளெல்லாம் ஆமைக்கு மனப்பாடம். கேட்டதற்கு மட்டும், ஆனால் முழுவதுமாகப் பதில் சொல்லும்.

பழம் கொடுத்தால் சண்டையில் சேர்ந்ததாகாது என்றது ஆமை. பொந்து கொடுத்தாலும் ஆகாது. மரநாய்கள் அதைக் கண்டு முறைக்கலாம், முறைப்பதற்குத் தடையில்லை.

"அப்படியானால் எதுதான் சண்டை?" என்று கேட்டது இருவாட்சி.

"நீ செய்யும் காரியத்தை எடுத்துவிட்டால் அந்த அடி விழாது என்றால், அந்த அடியில் உனக்கும் பங்கு உண்டு" என்றது ஆமை.

இருவாட்சி நிம்மதியாகத் திரும்பியது. அடிப்பது தன் குணமே இல்லையே என்று நினைத்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து அணில் தலைவன் வந்தான். தேன் ஒழுகப் பேசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மரநாய்கள் பகலில் மரக்கவட்டைகளில் படுத்துத் தூங்குகின்றன, பனியில் எங்கே என்று தெரியவில்லை என்று வருந்தினான்.

"அண்ணா, உங்களைச் சண்டைக்குக் கூப்பிடுவோமா? நீங்கள் எப்படியும் பறக்கத்தான் போகிறீர்கள். அவை படுத்திருக்கும் மரத்துக்கு மேலே கூடுதலாக ஒரு சுற்று. அவ்வளவுதான்."

"பேச வேண்டாமே?"

"வாயே திறக்க வேண்டாம், அண்ணா."

இருவாட்சியின் சிறகோசை நெடுந்தூரம் கேட்கும். மறுநாள் நண்பகலில் அது பனிக்கு மேலே பறந்தது. பனி சற்றே கிழிந்த இடத்தில், கவட்டை ஒன்றில் மூன்று மரநாய்கள் சுருண்டு கிடப்பதைக் கண்டு ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது. கீழே வெண்மைக்குள் மெல்லக் கொறிக்கும் ஓசை எழுந்தது. பிறகு பட்டுப்போன பெரிய கிளை ஒன்று முறிந்து அந்தக் கவட்டை மீது விழுந்தது. அதன்பின் சில்வண்டுகள்கூட வாய் திறக்கவில்லை.

நாம் பறந்தோம், கிளை விழுந்தது என்று இருவாட்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. நான்கு நாட்கள் பறந்தது. நான்கு கிளைகள் விழுந்தன.

ஐந்தாம் நாள் காலை, தொண்டை நிறையப் பழத்தோடு கூட்டுக்கு வந்தபோது, பொந்துக்கு முன்னால் நீண்ட கிளையில் ஏழு மரநாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் அசையவில்லை. ஒன்றும் கூட்டைப் பார்க்கவில்லை. ஏழும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மண் பூசிய வாசல் அது" என்றது இருவாட்சி, எட்டி நின்று.

"தொடமாட்டோம்" என்றது கிழட்டுப் பெண் மரநாய். "உள்ளே இருப்பவர்கள் சண்டையில் இல்லை. நாங்கள் உமக்காகக் காத்திருக்கிறோம்."

"நான் யாரையும் கடிக்கவில்லை. சண்டைக்கு வருகிறேன் என்று சொல்லவும் இல்லை."

"சொல்லவில்லைதான். கிளைகளும் சொல்லிவிட்டு விழவில்லை. என் பிள்ளைகள் படுத்திருந்த இடம் அணிலுக்கு எப்படித் தெரிந்தது, ஐயா?"

இருவாட்சி உயரே எழும்பியது. கீறலிலிருந்து அலகின் நுனி ஒன்று வெளியே நீண்டு, காத்திருந்து, உள்ளே போனது.

ஆண் இருவாட்சி அணில் தலைவனிடம் ஓடியது. அவன் உச்சுக் கொட்டினான். மிகவும் வருந்தினான். ஆனால் அது இருவாட்சிக்கும் மரநாய்களுக்கும் உள்ள விவகாரம் என்றான். "நாங்கள் அதில் சேருவது முறையாகாது, அண்ணா. வேண்டுமானால் பழம் தருகிறோம்."

ஆமையிடம் ஓடியது. கூட்டைத் தொடாமலே கூட்டைப் பட்டினி போடுகிறார்களே, இது மட்டும் முறையா என்று கேட்டது.

"முறையில்லை" என்றது ஆமை. "உன் தவறுக்கு உள்ளே இருப்பவர்களை வாட்டக் கூடாது. அதையும் நான் அவர்களிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். எனக்குப் பல் கிடையாது."

இருவாட்சி திரும்பிப் போய், மரத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து, கீறலைக் குறிவைத்துப் பழங்களைப் போட்டது. ஒன்றும் உள்ளே விழவில்லை. ஏழு தலைகளும் அதன் சிறகோசையோடு சேர்ந்து மெல்லத் திரும்பின.

இரண்டாம் நாள், சுவரை உள்ளிருந்து கொத்தும் ஓசை கேட்டது. காய்ந்த மண் கல்லாகியிருந்தது. மூன்றாம் நாளும் கேட்டது. நான்காம் நாள் நின்றுவிட்டது. மரநாய்கள் எழுந்து, சுவரில் ஒரு நகம்கூடப் படாமல், வரிசையாக இறங்கிப் போயின.

அடுத்த மழைக்கு அந்த மரத்தடியில் கால் வைக்க இடமில்லாமல் காட்டுப் பழக் கன்றுகள் முளைத்திருந்தன.

நீதி: சண்டையில் சேரப் பல் வேண்டியதில்லை, பல்லுக்கு இடம் காட்டினாலே போதும்.