நூற்று எழுபத்து நான்கு கையெழுத்து

இந்த வழக்கை உங்கள் முன் வைக்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். இருந்தும் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. ஆகவே நிதானமாகக் கேளுங்கள்.

கோவில்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே மூன்று கலைச் சங்கங்கள்: வைத்தீஸ்வரன் செயலாளராக இருக்கும் இசைச் சபா, பஸ் கண்டக்டர் இருளப்பனின் நாடகக் குழு, ஜெசிந்தா டீச்சரின் திரைப்படக் கழகம். மூன்றுக்கும் சொந்த இடம் கிடையாது. முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தில் கச்சேரி, லீவு நாளில் பள்ளிக்கூடத்தில் படம். நாடக ஒத்திகை மட்டும் பஸ் டெப்போவுக்குப் பின்னால், வெட்டவெளியில். போன ஐப்பசி மழையில் அதுவும் நின்றுபோனது.

"இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனா என் ஆளுக கலைஞ்சு போயிருவாங்க" என்று இருளப்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

அப்போது சொர்ணவல்லி அம்மாளின் தீப்பெட்டி ஆபீஸ் காலியாக இருப்பது தெரியவந்தது. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வேலை நின்று நாலு வருஷமாகிறது. நீளமான நல்ல கூடம். பட்டாசு வியாபாரி ஒருவர் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாள் மூன்று செயலாளர்களையும் கூப்பிட்டுவிட்டார்.

"தனித்தனியாக் கேட்டா யாருக்கும் கிடையாது. மூணு சங்கமும் ஒண்ணா வாங்க. தை மாசம் முத ஞாயித்துக்கிழமை உங்க ஆளுக நூத்தம்பது பேரைக் காட்டுங்க, சாவியைத் தாரேன். இடத்துல ஆள் புழக்கம் இருக்கணும். எனக்கு வேண்டியது அதுதான்."

மூவரும் அவரவர் பதிவேட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் அறுபது பேர். நூற்றைம்பது என்ன, நூற்றெண்பதே காட்டலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். இனி எதைச் செய்தாலும் மூவரும் கலந்து பேசியே செய்வது என்று தங்களுக்குள் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். ஆனால் ஒருவர் பதிவேட்டை மற்றவர் வாங்கிப் பார்க்கவில்லை. புதுச் சம்பந்தி வீட்டுக்குப் போய் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பார் உண்டா?

அந்த ஞாயிறும் வந்தது. காலையில் கச்சேரி, மத்தியானம் படம், சாயங்காலம் நாடகம். அம்மாள் வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உள்ளே வருகிறவர் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். நாடகம் தொடங்குமுன் எண்ணினால் நூற்று எழுபத்து நான்கு. அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாவியை இருளப்பன் கையில் கொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஜெசிந்தா டீச்சர் ஆசையாக நோட்டைப் புரட்டினார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு பார்த்துப் பழகிய கண். காலையில் இருந்த பெயர்களே மத்தியானமும் இருந்தன, சாயங்காலமும் இருந்தன. ஐம்பத்தெட்டுப் பேர், மூன்று தடவை. எங்கள் ஊரில் பாட்டு கேட்கிறவனும் படம் பார்க்கிறவனும் நாடகம் பார்க்கிறவனும் ஒரே ஆள்தான். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று சங்கத்திலும் உறுப்பினன்.

திரைக்குப் பின்னால் மூவரும் கூடினார்கள்.

"இதுல ஒரு கையெழுத்தாவது பொய்யா? மூணு சங்கமும் வந்திருக்கு. பேசாம இருங்க" என்றார் வைத்தீஸ்வரன்.

டீச்சர் நோட்டை மூடினார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். இருளப்பன் நாடகத்தைத் தொடங்கிவைத்தார். ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் காட்சி முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் இறங்கி வந்து, சாவியை அம்மாள் மடியில் வைத்தார்.

"அம்மா, வந்தது ஐம்பத்தெட்டுப் பேருதான். எங்க கணக்கு தப்பு. நீங்க பட்டாசுக்காரருக்கே கொடுத்துருங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் சலசலப்பு. டீச்சர் அடுத்த தெருவுக்குப் போய், முன்பு இதே ஆபீஸில் தீப்பெட்டி ஒட்டிய பெண்களை வீடு வீடாக அழைத்து வந்துவிட்டார். நூறு பேருக்குக் குறையாது. அவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து நாடகம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அம்மாள் சாவியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வைத்தீஸ்வரன், "எங்களைக் கேக்காம எங்க சாவியை எப்படிக் கொடுக்கலாம்?" என்று இருளப்பனிடம் பாய்ந்தார். "இப்பத்தான் நூத்தம்பதுக்கு மேல இருக்கே" என்றார் டீச்சர். அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க மூணுலயும் இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க."

எழுந்து நின்றேன். எந்தச் சங்கத்து வாயால் பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன்: இருந்த கையெழுத்தைக் காட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னவர், கிடைத்த சாவியைத் தானாகத் திருப்பிக் கொடுத்தவர், குறைந்த ஆளைத் தேடிக் கொண்டுவந்தவர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: இருளப்பன் செய்ததே சரி என்றேன். பொதுச் சாவியைக் கூட்டாளிகளைக் கேட்காமல் கொடுத்தது குற்றம்தான். ஆனால் ஏமாந்து உட்கார்ந்திருப்பவரிடம் உண்மையைச் சொல்லக் கூட்டாளியின் சம்மதம் தேவையில்லை. அதுவும் அதிகம் இழக்கப் போகிறவரே சொல்லும்போது. வைத்தீஸ்வரன் காட்டிய கையெழுத்து மெய், நம்பவைத்தது பொய். டீச்சர் செய்தது நல்ல காரியம், ஆனால் ஆள் சேர்ந்துவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டார். அம்மாள் கேட்டுக்கொண்டார். சித்திரை வரை சாவி இருளப்பனிடமே இருக்கட்டும், அதற்குள் ஒருவருக்கு ஒரு கையெழுத்து என்று நூற்றைம்பது பேரைக் காட்டுங்கள் என்று தவணை போட்டார். பிறகு, "சார், நீங்க மூணாவது தடவை கையெழுத்துப் போடும்போது உங்களுக்கு இது தெரியாதா?" என்று என்னைக் கேட்டார். தெரியும். ஐம்பத்தெட்டுப் பேருக்கும் தெரியும்.