சென்னியப்பனின் அஞ்சு வாட்டு

எங்கள் அடுக்கக மொட்டை மாடியில் ஒரு கம்பி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் மூலையில் தொடங்கி எதிர்மூலையில் நிற்கும் இரும்புக் குழாய் வரைக்கும் ஓடும். துணிக் கொடி என்று நினைத்து அதில் ஈரப் புடவையைப் போட்டுத் திட்டு வாங்காத பெண்கள் எங்கள் கட்டடத்தில் இல்லை. அது ரேடியோ ஏரியல். சொந்தக்காரர் முதல் மாடி சென்னியப்பன். ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர். அதாவது வீட்டில் உட்கார்ந்தபடி சொந்த வயர்லெஸ் செட்டில் உலகத்தோடு பேசுகிறவர். அவர் சொல்வதில் பாதியை நம்பினால் ஐக்கிய நாடுகள் சபையை இழுத்து மூடிவிட்டு எல்லாரையும் கோயமுத்தூருக்கு அனுப்பிவிடலாம்.

ஒரு மாதமாக அந்தக் கம்பிக்குக் கெட்ட நேரம். மூன்றாவது மாடி ரூபாவதி சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடர் பார்க்க உட்கார்ந்தால், டிவிக்குப் பக்கத்தில் வைத்த பெரிய ஸ்பீக்கர் கொர்ர்ரென்று இரைகிறதாம். கதாநாயகி அழுதாலும் கொர்ர், மாமியார் சிரித்தாலும் கொர்ர். எட்டரைக்குத் தானாக நிற்கிறதாம். இது சென்னியப்பனின் வேலைதான் என்று அந்த அம்மாள் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். கம்பி இருப்பதா, கழற்றுவதா என்பது மட்டும்தான் விஷயம். நான் சங்கச் செக்ரட்டரி; கை எண்ண வேண்டியவன்.

முதல் நாளே அவரை ஓரமாக அழைத்துச் சொன்னேன். "அண்ணா, நாளைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் செட்டு சின்னது, பக்கத்துத் தெருவுக்கே எட்டாதுன்னு சொல்லிட்டு உக்காந்துருங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் முகம் வாடிவிட்டது. "அந்தக் கம்பி போச்சுன்னா நான் என்னத்தைங்க பண்றது? நாள் பூரா சோத்தைத் தின்னுட்டுச் செவுத்தைப் பாத்துட்டுக் கெடக்கறதுங்களா?" என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. மனுசனுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. அளந்துதான் பேசுவேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

கூட்டத்தில் எழுந்து நின்றபோது நன்றாகவே ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற செட்டு ரொம்பச் சின்னதுங்க. வெறும் அஞ்சு வாட்டு. பெட்ரூம்ல எரியற குட்டி பல்பு இருக்குதுங்களே, அத்தனைதான்."

நான் நோட்டில் 'ஐந்து வாட், பல்பு' என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. நான்காவது மாடி துரைசாமி சும்மா இருக்கிற ஆள் இல்லையே.

"அஞ்சு வாட்டா? அட, அது பொம்மைதானுங்களே! இதுக்குப் போயி ஏனுங்க கூட்டம்?"

அவர் உதவிதான் செய்தார். ஆனால் சென்னியப்பனின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

"பொம்மையா? என்னங்க சொன்னீங்க? இந்தப் பொம்மையில பேசித்தானுங்க ஜப்பான்காரன் ஒருத்தன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். 'ஐயா, சத்தம் தாங்கல, என்ற வீட்டு ஓடெல்லாம் நகருது, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க'ன்னான். நான் தள்ளி நின்னேன். அப்பவும் தாங்கலைன்னான். சரின்னு செவுத்தைப் பாத்துத் திரும்பி நின்னுட்டு, வாயில துண்டை வெச்சுப் பேசுனனுங்க. அப்புறந்தான் 'இப்பச் சரியா இருக்குது'ன்னான்."

"அண்ணா, உக்காருங்க" என்றேன்.

"இருங்க செக்ரட்டரி. இரைச்சலைப் பத்தித்தானே கூட்டம்? இரைச்சலைப் பத்தி என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? எந்த இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு காதுல கேட்டே சொல்லீருவனுங்க. ஒருநாள் செட்டுல சர்ர்னு ஒரு சத்தம். ரெண்டு நிமிசம் கேட்டேன். இது மிக்ஸி. கொடைக்கானல்ல ஓடுது. தேங்காச் சட்னி. பொட்டுக்கடலை கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்காங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "உப்பு எப்படிங்க?" என்றார் துரைசாமி.

சென்னியப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உப்பு எங்கீங்க சத்தம் போடும்? தெரியாததைத் தெரியும்னு சொல்ற பழக்கம் என்கிட்ட இல்லீங்க."

ரூபாவதி மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "அந்தக் கம்பியில அவ்வளவு கரண்டாங்ணா?" என்று மெதுவாகக் கேட்டார். அது தூண்டில் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணால் சாடை காட்டினேன், இருமினேன், பேனாவைக் கீழே போட்டேன். எதுவும் பலிக்கவில்லை.

"நல்லாக் கேட்டீங்க அம்மிணி! நீங்க போன தைமாசம் அதுல பச்சைப் பட்டுச் சேலை காயப்போட்டீங்களே, மடிப்புக் கலையாம வந்துச்சுல்ல? யாரு இஸ்திரி போட்டதுன்னு நெனைச்சீங்க? நான் அப்பப் பர்மாக்காரன்கிட்டப் பேசீட்டிருந்தேன். சேலை போகட்டும். அந்தக் கம்பி மேல ஒரு காக்கா வந்து உக்காந்துச்சுங்க. பாத்துப் பேசோணும்னு தெரிஞ்சும், பிரேசில்காரன் கூப்பிட்டானேன்னு மைக்கை அமுக்கீட்டேன். காக்காயைக் காணோம்! அஞ்சு நிமிசத்துல பிரேசில்காரன் கத்தறான், 'ஏனுங்க, என்ற ஏரியல்ல ஒரு காக்கா உக்காந்து சோறு கேக்குது'ன்னு."

"பாவம், அது அங்கேயே நின்னுபோச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதெப்படி நிக்கும்? பேசி முடிச்சா நாங்க 'ஓவர்'னு சொல்லோணும். அப்பத்தான் அந்தப் பக்கத்துக்காரன் பேச முடியும். நான் ஓவர்னேன். அவன் மைக்கை அமுக்குனான். காக்கா இங்க வந்துருச்சு. வாயில பிரேசில் வடை."

"பிரேசில்ல ஏதுங்க வடை?"

"அதைக் காக்காகிட்டத்தான் கேக்கோணும்."

இதற்குமேல் அவரைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. நிலாவுக்குக் குரல் அனுப்பியதைச் சொன்னார். 'ஹலோ' என்று அனுப்பினாராம். நிலாவில் பட்டுத் திரும்பி வந்ததாம். "போனப்ப நல்லாப் போன குரலுங்க. வரும்போது சளி புடிச்சுக் கரகரன்னு வந்துச்சு. அங்க அத்தனை குளிரு. ஒரு வாரம் எனக்குத் தொண்டை சரியில்லை." சரி, நிலாவோடு நிற்பார் என்று பார்த்தால், அடுத்தது சூரியன்.

"சூரியன்ல புள்ளி வந்துச்சுன்னா உலகத்துல இருக்கற அத்தனை ஹாம்காரனுக்கும் இரைச்சலுங்க. அமெரிக்காக்காரன் கையை விரிச்சுட்டான். ரஷ்யாக்காரன் செட்டை மூடிட்டான். எல்லாரும் என்கிட்ட வந்தாங்க. 'செட்டுல இரைச்சல் வந்தா வயர்ல ஒரு கருப்புக் காந்த வளையம் மாட்டுவோம்ல, இரைச்சல் அடங்கும்ல, அதையே சூரியனுக்கு மாட்டுனா என்ன?'ன்னு கேட்டேன். ஆடிப் போய்ட்டானுங்க. சில வருசம் முன்னால மார்கழி மாசத்துல நம்ம ஊர்ல நல்ல பகல்ல சூரியன் வளையமாத் தெரிஞ்சுதே, நெனப்பிருக்குதுங்களா? கிரகணம் கிரகணம்னு கண்ணாடி போட்டுப் பாத்தீங்களே?"

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

"கிரகணமுமில்லை ஒண்ணுமில்லை. நான் மாட்டுன வளையமுங்க. சூடு தாங்காம நாலு நிமிசத்துல கழண்டு விழுந்துருச்சு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் ரூபாவதி எழுந்தார்.

"ஏனுங்ணா, ஜப்பான்ல ஓடு நகருது. பிரேசிலுக்குக் காக்கா போகுது. சூரியனுக்கு வளையம் மாட்டறீங்க. முதல் மாடியில இருந்து மூணாம் மாடிக்கு உங்க சத்தம் வராதுங்களா?"

தன் வாயாலேயே தன் கம்பியை அறுத்துக்கொண்டது அப்போதுதான் சென்னியப்பனுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? "கம்பியைக் கழட்டலாம்ங்கறவங்க கை தூக்குங்க" என்றேன். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. சற்றுமுன் விழுந்து விழுந்து சிரித்த துரைசாமியின் கையும்.

"கொஞ்சம் இருங்க" என்று படியிலிருந்து குரல் வந்தது. சென்னியப்பனின் மனைவி வசந்தாமணி. கையில் நீளமான ஒரு கணக்குநோட்டு. அவர் அதை நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "யாருகிட்டப் பேசினாலும் நாள், நேரம் போட்டு இதுல எழுதோணுங்க. லாக் புஸ்தகம். எங்க ஊட்டுக்காரரு வாயில பொய் வரும். இதுல ஒரு எழுத்துப் பொய் எழுத மாட்டாரு. சத்தமாப் படியுங்க."

"அதை ஏன் எடுத்தாந்தே?" என்று சென்னியப்பன் பதறினார். நான் பிரித்துப் படித்தேன். மணிமணியான கையெழுத்து.

'காலை 6.10. ஜப்பான் கேட்டது. அழைத்தேன். பதில் இல்லை.' 'காலை 6.40. ரஷ்யா தெளிவாகக் கேட்டது. மூன்று முறை அழைத்தேன். பதில் இல்லை.' அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். நான்கு வருடம். பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை. படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'பீளமேடு நண்பர். தூரம் இரண்டு கிலோமீட்டர். அழைத்தேன். ஸ்கூட்டரில் நேரில் வந்து, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.'

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உலகமே அவர் காதில் விழுந்திருக்கிறது; அவர் குரல்தான் யார் காதிலும் விழவில்லை. நோட்டை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணா, கையை எண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நீங்க பேசுனது நெசமா, இந்த நோட்டு நெசமா?"

ஜப்பானையும் பிரேசிலையும் ஒரு தட்டில் வைத்து, அந்தக் கம்பியை இன்னொரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "நோட்டுதானுங்க" என்றார்.

தூக்கிய கைகள் எல்லாம் இறங்கின. ரூபாவதியின் கைதான் முதலில் இறங்கியது. "இருந்துட்டுப் போகட்டும் விடுங்க, செக்ரட்டரி" என்றார். கம்பி தப்பித்தது. சென்னியப்பன் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். இரண்டு அடி எடுத்து வைத்தவர், தாங்காமல் திரும்பினார்.

"ஆனா ஏன் யாருக்கும் கேக்கலைன்னு ஒருத்தரும் கேக்கலையே? அடுத்தவங்களுக்கு இரைச்சல் போகக் கூடாதுன்னு நானே கையால ஒரு ஃபில்டர் செஞ்சு போட்டிருக்கனுங்க. இரைச்சலை நிறுத்துச்சு. சரி. என்ற குரலையும் நிறுத்திப் போட்டுது. இத்தனை சுத்தமா ஃபில்டர் செஞ்ச ஆளு ஆசியாக் கண்டத்துலயே கெடையாது!"

"அதைச் செட்டுக்குப் போட்டதுக்குப் பதிலா வாய்க்குப் போட்டிருந்தா, நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்திருக்க வேண்டியதில்லை" என்றார் வசந்தாமணி.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கையடக்க டிரான்சிஸ்டர் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு சென்னியப்பன் நின்றார். மாடி மாடியாக இரைச்சலைத் தேடி வருகிறாராம். இரண்டாவது மாடியில், அதுவும் ரூபாவதி வீட்டுக்கு நேர் கீழே, சத்தம் அதிகமாகிறது என்றார். நான் சிரித்தபடியே உள்ளே விட்டேன். அவர் ஹாலைக் கடந்து பூஜை அறை வாசலுக்குப் போனார். டிரான்சிஸ்டர் கொர்ர்ரென்று அலறியது. போன மாதம் என் மனைவி வாங்கி வந்து சாமி படங்களைச் சுற்றி மாட்டிய வண்ணச் சரவிளக்கு. ஏழு மணிக்குப் போடுவோம், எட்டரைக்கு அணைப்போம். அவர் அதன் அடாப்டரைப் பிடுங்கினார். டிரான்சிஸ்டரில் சத்தம் நின்றது. மேல் மாடியிலிருந்து தொடரின் பாட்டு சுத்தமாகக் கேட்டது.

காலையில் அவர் கம்பிக்கு ஓட்டு எடுத்தவன் நான். "அண்ணா, இது வெளிய தெரிஞ்சா என் மானம் போயிரும்" என்றேன்.

"நானுங்களா? வாயே தெறக்க மாட்டனுங்க" என்று கையில் அடித்துச் சொன்னார்.

மறுநாள் காலை லிஃப்டில் ரூபாவதியும் துரைசாமியும் இருந்தார்கள், நானும் இருந்தேன். முதல் மாடியில் ஏறிய சென்னியப்பன், ஏறியதும் சொல்லிவிட்டார். ஜப்பான் இல்லை, காக்காய் இல்லை. சரவிளக்கு, அடாப்டர், ஏழு மணி, செக்ரட்டரி வீடு. ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ரூபாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட போங்ணா! சூரியனுக்கு வளையம் மாட்டுனீங்க, சரின்னு கேட்டுக்கிட்டோம். அதுக்காகச் செக்ரட்டரி வீட்டுச் சாமி விளக்கு மேலயுமா பழி போடறது? புளுகறதுக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா?"

துரைசாமியும் சிரித்தார். சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.