கேட்டால் திறந்து விடுகிறேன்

பொன்னுரங்கம் நூலக வேலைக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. நூலகர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்தாறு. புத்தகத்தைக் கையில் எடுப்பது முதல் எல்லாவற்றையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டார். "வயசுல சின்னவங்க. ஆனா எனக்கு அவங்கதான் குரு" என்று வீட்டில் சொல்வார்.

ஏழாவது வருஷம் நூலகத்துக்கு ஆறு கணினிகள் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஜெபசெல்வி வந்தார்.

ஒரே மாதத்தில் கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், பட்டா பார்க்க வருபவர்கள், எல்லோருக்கும் ஜெபாக்காதான் வேண்டும். ஒருவர் அவருக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். மெஹருன்னிசாவும் மதியச் சாப்பாட்டை அவரோடு சாப்பிட ஆரம்பித்தார். அவர்கள் சிரிப்பது புத்தக அடுக்குகள் வரை கேட்டது. பொன்னுரங்கம் தன் டப்பாவைத் தனியாகத் திறந்தார்.

ஒருநாள் ஒரு ஆள் கணினியில் ஆபாசப் படம் பார்த்தான். பின்னால் நின்றிருந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் கண்ணில் அது பட்டுவிட்டது. அவளுடைய அப்பா வந்து கத்தினார். மெஹருன்னிசா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆளை இனி வரக் கூடாதென்று அனுப்பினார்.

பொன்னுரங்கத்துக்கும் கோபம் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"மேடம், இதுக்கெல்லாம் ஒரு தடுப்பு போட வேண்டாமா?"

"போடணும்கிறீங்களா சார்?"

"கட்டாயம் போடணும்."

"அப்ப நீங்களே போடுங்க. எந்தச் சொல்லைத் தடுக்கணும்னும் நீங்களே முடிவு பண்ணுங்க. ஒரு மாசம் பார்ப்போம்."

"நல்ல பக்கமும் சேர்ந்து அடைபடுமே மேடம்?" என்றார் ஜெபசெல்வி.

"என்கிட்ட வந்து கேட்டா திறந்து விடறேன்" என்றார் பொன்னுரங்கம்.

முதல் வாரம் 'பாலியல்' என்பதில் தொடங்கிப் பன்னிரண்டு சொற்கள். தடுத்த பக்கம் வந்தால் திரையில் அவர் பெயர் தெரியும். ஆட்கள் எழுந்து வந்தார்கள். "சார், கொஞ்சம் திறந்து விடுங்க சார்." கேட்க நன்றாக இருந்தது.

இரண்டாவது வாரம் சினிமா, ஜாதகம், கிரிக்கெட் எல்லாம் சேர்ந்தன. மூன்றாவது வாரம் வரன். பட்டியல் தொண்ணூறைத் தாண்டியது. வரன் தேடிய ஒரு பெரியவர் அவருக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார்.

அந்த வாரம்தான், பஞ்சு மில் வேலைக்குப் போடும் கோட்டோடு ஒரு பெண் அவர் மேஜை முன் வந்து நின்றாள். பின்னால் நாலு பேர் வரிசையில் இருந்தார்கள்.

"எந்தப் பக்கம்மா? சத்தமாச் சொல்லுங்க."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாதம் முடிந்தது. மெஹருன்னிசா கூப்பிட்டார். "தடுத்ததையெல்லாம் கணினி எழுதி வச்சிருக்குமே. கொஞ்சம் வாசிங்க சார்."

பொன்னுரங்கம் வாசித்தார். கிரிக்கெட். ஜாதகம். ஜாதகம். வரன். அப்புறம், "மில் மேஸ்திரி பாலியல் தொல்லை எங்கே புகார் செய்வது." மறுநாளும் அதுவே. அதற்கடுத்த இரண்டு நாளும் அதுவே, எழுத்துப் பிழையை மாற்றி மாற்றி. பிறகு இல்லை.

அவர் வாசிப்பதை நிறுத்தினார். மில் கோட்டோடு வந்த அந்தப் பெண்ணை நினைத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

அந்த நாலு நாளுக்கு நேரேயும் மாரித்தாய் என்ற பெயரும் தெருவும் இருந்தன. மறுநாள் காலையில் போனார். நூலகத்திலிருந்து வருவதாக மட்டும் சொன்னார்.

"மாரித்தாயா? வேலைய விட்டுட்டு அவ அக்கா ஊருக்குப் போய் பத்து நாளாச்சு" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "அவ நின்ன மெஷின்ல இப்ப வேற ஒரு சின்னப் பொண்ணு நிக்குது."

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார். "அந்தத் தொண்ணூறு சொல்லையும் ஆபாசத்துக்காக மட்டும் போடல மேடம். ஜெபா மேல பொறாமை."

"தெரியும். தெரிஞ்சும் உங்க கையில கொடுத்தேன். அது என் தப்பு."

அவர் கேட்டு வந்திருந்த அக்கா ஊரின் பெயரை மெஹருன்னிசா எழுதிக்கொண்டார். ஜெபசெல்வி எங்கே, எப்படிப் புகார் செய்வது என்ற விவரத்தை அச்செடுத்து வந்து பொன்னுரங்கத்திடம் நீட்டினார். தொல்லை நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இன்னும் நாள் இருந்தது.

பொன்னுரங்கம் அந்தத் தாளைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே திறந்து விட்டிருப்பேனே மேடம். ஏன் கேட்காம போனாங்க?"

மெஹருன்னிசா சொன்னார்: "வெளியில யார்கிட்டயும் கேட்க முடியாமத்தானே சார் இங்க வந்தாங்க."